சும்மா இருப்பவளின் பொழுது

இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பு. மதிய உணவு முடிந்து வந்த முதல் பாடவேளை. குறுந்தொகையின் 167ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். கூடலூர் கிழார் பாடியது, முல்லைத் திணை. மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய், தான் கண்டதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரைப் பிசைந்த விரலோடு அடுப்படியில் நிற்கிறாள் அந்தப் பெண். விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலேயே உடுத்தியிருக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் நிறைகிறது. தானே துழாவித் துழாவிப் புளிக்குழம்பைச் சமைக்கிறாள். கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. பாட்டு அத்தோடு முடிகிறது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அவ எப்ப மேடம் சாப்பிட்டா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "பாட்டுல அது இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன். அன்று மாலை பேருந்தில் வரும்போதுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். 'இல்லறத்தின் மாண்பு', 'சங்க காலத் தலைவியின் அன்பு' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அவள் சாப்பிட்டாளா என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்கு என் படிப்பும் ஒரு காரணம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பேசப் பார்க்கிறேன்.

முதலில் கூடலூர் கிழாருக்கு நியாயம் செய்துவிட வேண்டும். பாட்டு ஆறே அடிகள். அதில் முதல் நான்கு அடிகள் அவளது உழைப்பு. ஓர் அடி அவன் உண்பது. கடைசி ஓர் அடி அவள் மகிழ்ச்சி. விகிதத்தைப் பாருங்கள். சமையலுக்கு ஆகும் நேரத்தையும் சாப்பிட ஆகும் நேரத்தையும் அந்தப் புலவர் சரியாகவே அளந்து வைத்திருக்கிறார். ஆடையைத் துவைத்து உடுத்த அவளுக்கு அவகாசம் இல்லை. அடுப்பில் தாளிப்பு காத்திருக்காது. இவை எல்லாம் பாட்டில் இருக்கின்றன. கடைசி அடியை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியது நாம்தான், உரை எழுதியவர்களும் வகுப்பெடுத்தவர்களும். 'கணவன் உண்ண, மனைவி மகிழ்ந்தாள்' என்று பத்து மதிப்பெண் விடை எழுதப் பழக்கிவிட்டோம். முதல் நான்கு அடிகள் வெறும் வருணனையாகிவிட்டன.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய இன்னொரு பாட்டு நற்றிணையில் 110ஆவது. போதனார் பாடியது. அங்கே தாய் தன் மகளின் சிறுவயதை நினைக்கிறாள். தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, மறு கையில் சிறு கோலை வைத்து மிரட்டி, நரைத்த கூந்தல் செவிலியர் பின்னால் ஓடுகிறார்கள். அவள் குடிக்க மறுத்துப் பந்தலுக்கு ஓடுகிறாள். ஓடிப் பிடிக்க முடியாமல் செவிலியர் ஓய்ந்துபோகிறார்கள். அவ்வளவு விளையாட்டுப் பெண், மணமானதும் என்ன செய்கிறாள்? கணவன் வீட்டில் வறுமை. தகப்பன் வீட்டுச் செழித்த சோற்றை அவள் நினைத்தும் பார்ப்பதில்லை. வேளை தவறி உண்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள்.

வேளைக்கு உண்ணாமல் இருப்பதற்கு இங்கே அறிவு என்றும் ஒழுக்கம் என்றும் பெயர். உண்ணும் வேளையைச் சொல்லப் போதனார் 'பொழுது' என்ற சொல்லையே கையாள்கிறார். ஒரே பாட்டுக்குள் ஒரு பெண்ணின் பொழுது கைமாறுகிறது. முதல் பாதியில் அவள் ஓடுகிறாள், மற்றவர்கள் அவள் பொழுதுக்குக் காத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் அவள் நிற்கிறாள். அவள் உண்ணும் வேளையை அந்த வீட்டின் நிலை தீர்மானிக்கிறது. சங்கப் பாடல்களில் பெண்களின் விளையாட்டுக்குக் குறைவே இல்லை. ஓரை, வண்டல், கழங்கு, பந்து, ஊசல் என்று எத்தனை பெயர்கள். அவற்றை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் மணமாகாத பெண்கள். மணமானவளின் ஓய்வுக்கு இப்படி ஒரு பெயர்ப்பட்டியலை எனக்குத் திரட்ட முடியவில்லை.

அடுத்தது திருக்குறள். வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தின் 56ஆம் குறள், தன்னைக் காத்து, தன்னைக் கொண்டவனைப் பேணி, புகழைக் காத்து, சோர்வு இல்லாதவளே பெண் என்கிறது. கொண்டவனைப் பேணுதல் எப்படி என்று குறளில் இல்லை. பரிமேலழகர்தான் 'உண்டி முதலியவற்றால்' என்று எழுதிச் சேர்க்கிறார். குறளுக்குள் சமையலறை உரை வழியாக நுழைகிறது. 'சோர்வு' என்பதற்கு அவர் தரும் பொருள் மறவி. அதாவது மறதி. உடல் களைப்பைவிட இது இன்னும் நுட்பமான இடம். பெண் என்பவள் மறக்காதவள்.

எனக்கு இந்த உரை இன்று வேறு மாதிரி கேட்கிறது. கேஸ் எப்போது பதிவு செய்தோம், மாவு எத்தனை நாளுக்கு வரும், மாமியாரின் பிரஷர் மாத்திரை எந்தத் தேதியில் தீரும், பிள்ளைக்குப் பள்ளியில் எந்தக் கிழமை எந்தச் சீருடை. இந்தக் கணக்கை வீட்டில் ஒருவர் தலையில் வைத்திருக்க வேண்டும். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை சமைப்பார், நன்றாகவே சமைப்பார். நான் உள்ளறையில் விடைத்தாளோ கவிதையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கால் மணிக்கு ஒருமுறை குரல் வரும்: "கடுகு எங்கேம்மா இருக்கு?" "புளி எவ்வளவு போடணும்?" அவர் கையால் சமைக்கிறார். என் நினைவால் சமைக்கிறார். பரிமேலழகர் சொன்ன மறவாமைப் பொறுப்பு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கே.

இனி நம் வீடுகளில் புழங்கும் ஒரு சொல்லுக்கு வருகிறேன். 'சும்மா.'

"அம்மா என்ன செய்றாங்க?" என்று புதிய மாணவிகளிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில், "வீட்டுல சும்மாதான் இருக்காங்க மேடம்." தமிழின் ஞான மரபில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் உயரத்தை யோசித்துப் பாருங்கள். சும்மா இருத்தலைத் தாயுமானவர் பேரின்பமாகப் பாடுகிறார். அருணகிரிநாதருக்கு முருகன் செய்த உபதேசமே சும்மா இருக்கச் சொன்னதுதான். ஆண் ஞானிக்குச் சும்மா இருத்தல் கடைசிப் படி, எல்லாச் செயலும் ஓய்ந்த நிலை. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கோ, விடியுமுன் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி இரவு பால் உறை ஊற்றுவதில் முடியும் வேலைக்கு அதே பெயர். ஒரு சொல் இப்படி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இதைக் கவனிக்காமல் நாம் சித்தர் பாடலையும் தாயுமானவரையும் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தச் சும்மாவை அரசாங்கமும் நெடுங்காலம் நம்பியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைவாசிகள் முதலியோருடன் சேர்த்து 'வேலை செய்யாதோர்' என்ற வகையில் வைத்திருந்ததை, 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே குறிப்பிட்டது. கணக்கெடுக்கும் வேறு முயற்சிகளும் நடந்தன. 1998-99இல் இந்தியாவில் நடந்த முன்னோடி நேரப் பயன்பாட்டு ஆய்வின் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பிறகு 2019இலும் 2024இலும் நாடு முழுவதும் நடந்தது. 2024 ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299, 97. வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களே, 2019இல் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு.

289 நிமிடத்தை மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 144 மணி நேரம். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அது கூலி இல்லை, எல்லாருக்கும் வருவதும் இல்லை. இருந்தாலும் ஒரு கணக்குக்காக வகுத்துப் பார்த்தேன். மணிக்கு ஏழு ரூபாயைத் தொடவில்லை. அந்தத் திட்டத்தின் பெயரில் 'உதவி' என்று இல்லாமல் 'உரிமை' என்று இருப்பதை நான் மதிக்கிறேன். அந்தச் சொல்லை அரசு ஒப்புக்கொண்டபின், அதன் அளவைப் பற்றிப் பேசும் வேலை நம்முடையது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதே 2024 ஆய்வின் வேறோர் எண். பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு, பண்பாட்டு நடவடிக்கைகளில் ஈடுபடும் ஆண்கள் நாளுக்கு 177 நிமிடமும் பெண்கள் 164 நிமிடமும் செலவிடுகிறார்கள். வித்தியாசம் வெறும் 13 நிமிடம். 'பார்த்தீர்களா, உங்களுக்கும்தான் நேரம் இருக்கிறது, சீரியல் பார்க்கிறீர்களே' என்று சொல்ல இந்த எண் போதும். ஓய்வு அறையில் என்னிடம் அப்படிச் சொல்லவும் சொன்னார்கள்.

அட்டவணையையும் பாட்டைப் போலத்தான் வாசிக்க வேண்டும். எது சொல்லப்பட்டிருக்கிறது, எது விடப்பட்டிருக்கிறது என்று. இந்த ஆய்வு அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை உள்ள ஒரு நாளை அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரித்துக் கேட்கிறது. ஒரு கட்டத்துக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், 10 நிமிடமாவது நீடித்தவைதான் பதிவாகும். குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவதற்கு ஒரு நிமிடம். கூரியர்காரர் மணியடித்தால் இரண்டு நிமிடம். 'டவல் எங்கே' என்ற குரலுக்கு அரை நிமிடம். இவை எதுவும் அந்தக் கட்டத்துக்குள் ஏறாது. அரை மணி நேரம் அவள் தொலைக்காட்சி பார்த்தாள் என்றே எழுதப்படும். எந்த நேரமும் எழுந்திருக்கத் தயாராக நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும், அது ஓய்வுதான்.

அவனுடைய 177 நிமிடத்தையும் அவளுடைய 164 நிமிடத்தையும் பிரிப்பது அந்த 13 நிமிடம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் பொழுது கதவைச் சாத்திக்கொள்ளும். அவள் பொழுது எப்போதும் பாதி திறந்தே இருக்கும். யார் வேண்டுமானாலும் தட்டாமல் உள்ளே வரலாம். ஓய்வை நிமிடத்தால் அளந்தால் பெண்களின் இழப்பு சிறிதாகத் தெரியும். எத்தனை முறை எழுந்தாள் என்று அளந்தால்தான் அதன் உண்மையான அளவு வெளிப்படும்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் (1988இல் வந்த தொகுப்பின் பெயரும் இதுவே) ஒரு ஜன்னல் வருகிறது. ராஜஸ்தானத்துப் பெரிய கூட்டுக் குடும்ப வீடு. விசாலமான அந்த வீட்டில் சமையலறை மட்டும் ஒரு மூலையில் இருண்டு கிடக்கிறது. வெளியே பச்சை மலை. உலர்த்திய துணிகள் அதை மறைக்கின்றன. வந்த மருமகள் மீனாட்சி அதை மாற்றலாமே என்கிறாள். இந்தக் கதையைச் சமையலறை அடக்குமுறைக் கதை என்று மட்டும் வாசிப்பது எனக்குப் போதாது. மலையைப் பார்த்தால் என்ன ஆகும்? கை நிற்கும். கண் வெளியே போகும். ஐந்து நிமிடம் அவள் அந்த வீட்டுக்குச் சொந்தமில்லாதவளாக இருப்பாள். மீனாட்சி கேட்பது வேலைக்கு நடுவில் அந்த ஐந்து நிமிடத்தைத்தான். அதற்குத்தான் அந்த வீடு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. வர்ஜினியா வுல்ஃப் 1929இல் கேட்ட தனியறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் நியாயமானவை. அறை கிடைத்த பிறகும் அதன் வாசலில் வந்து நிற்கும் குரல்களை என்ன செய்வது என்பது, அறை கிடைத்த எங்கள் தலைமுறையின் சிக்கல்.

மார்ச் 8 வந்தால் கல்லூரிகளில் பெண் பேராசிரியர்களுக்கு 'நேர மேலாண்மை' என்று ஒரு பயிலரங்கம் நடத்துவார்கள். நான் உட்கார்ந்திருந்த ஒன்றில், பேச வந்தவர் 'வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை' என்று திரையில் ஒரு தராசு படம் போட்டார். நான்கு மணிக்கு எழுந்தால் உங்களுக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும் என்றார். பக்கத்தில் இருந்த சக ஆசிரியை என் காதருகே, "நான் எந்திரிக்கிறதே நாலு மணிக்குத்தான்" என்றார். தராசுக்கு இரண்டு தட்டு. வீட்டு வேலை எந்தத் தட்டில்? கல்லூரி ஒரு பக்கம், 'வாழ்க்கை' மறுபக்கம் என்றால், என் வாழ்க்கை என்று சொல்லப்படும் தட்டு முழுக்கப் பாத்திரம்தான் கிடக்கிறது. ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல் எழுதிய நூலில் இதற்கு 'இரண்டாம் ஷிப்ட்' என்று பெயர் வைத்தார். சமநிலை என்ற சொல் சுமையை இறக்குவதைப் பற்றிப் பேசாது. விழாமல் தூக்குவது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும்.

என் கவிதைகளைப் பற்றி ஒருவர் மதிப்புரை எழுதும்போது 'சொற்சிக்கனம், செறிவு' என்று பாராட்டியிருந்தார். படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம். எட்டு வரிக்கு மேல் போகும் முன் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். என் அழகியலில் பாதியைக் குக்கர் விசில் தீர்மானித்திருக்கிறது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, புலம்பலாகவும் சொல்லவில்லை. பெண் எழுத்தின் வடிவத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் 'உள்ளொடுங்கிய தொனி' என்றெல்லாம் எழுதும் முன், அவளுக்குத் தொடர்ந்து எத்தனை மணி நேரம் கிடைத்தது என்று ஒருமுறை விசாரிக்க வேண்டும். இது விமர்சனத்துக்குள் வரவேண்டிய கேள்வி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. கவிதைக்கு எனக்குக் கிடைக்கும் அந்த எட்டு வரி நேரமும் எங்கிருந்து வந்தது? காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா வருகிறார். பாத்திரம், துணி, வீடு பெருக்கித் துடைப்பது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகள். மதியம் இரண்டு மணிக்கு முடியும். ஒருநாள், "வீட்டுக்குப் போய் என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன். "போனா சும்மாதான் டீச்சர்" என்றார். பிறகு அவரே சொன்னார்: சோறு வடிக்கணும், பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரணும், குழாயில தண்ணி வந்தா பிடிக்கணும், ராத்திரிக்குக் குழம்பு. அதே சொல், அதே பட்டியல். என் பொழுதின் கதவு பாதி திறந்து கிடக்கிறது என்று எழுதுகிறேன். அந்தப் பாதியை மூடி வைத்திருப்பது அவருடைய கை. அவருக்குக் கதவே இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை (2011) வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இலிருந்து இருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முழு விடுமுறை, சம்பளப் பிடித்தம் இல்லை. இதற்கு எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதில் வெட்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரத்தை யார் துலக்குவது என்று முதல் மாதம் வீட்டில் சண்டை நடந்தது. இப்போது மகனும் அவன் அப்பாவும் துலக்குகிறார்கள். கேள்வி கேட்காமல் துலக்க இன்னும் பழகவில்லை.

படிக்கும் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரு தாளில் காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை அரை மணிக் கட்டங்கள் போடுங்கள். அரசு கேட்பதைப் போலவே என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு பத்தி சேருங்கள்: யார் கூப்பிட்டு எத்தனை முறை எழுந்தேன். இதே தாளை அம்மாவிடம் கேட்டு ஒன்று, அப்பாவிடம் கேட்டு ஒன்று, அண்ணனிடமோ தம்பியிடமோ கேட்டு ஒன்று எழுதுங்கள். நான்கையும் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது யார் எழுந்து போகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்து அகமதிப்பீட்டுத் தேர்வில் வினாவை மாற்றினேன். 'தலைவியின் இல்லற மாண்பை விளக்குக' என்பதை எடுத்துவிட்டு, 'குறுந்தொகை 167: கணவன் உண்டு முடித்தபின் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? பாடலின் முதல் நான்கு அடிகளைச் சான்றாகக் கொண்டு எழுதுக' என்று கேட்டேன். விதவிதமாக எழுதியிருந்தார்கள். ஒருத்தி, செவிலித்தாய் ஊர் திரும்பும் முன் அந்தப் பெண்ணுக்குச் சோறு போட்டு ஊட்டியிருப்பாள் என்று எழுதினாள். ஒரு பையன், 'பாத்திரம் கழுவினாள்' என்று ஒரே வரியில் முடித்திருந்தான். வகுப்பில் அன்று அந்தக் கேள்வியைக் கேட்டவள் எழுதிய விடையின் கடைசிப் பகுதி: அவள் மீதமிருந்த குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டாள், பிறகு அழுக்கான ஆடையைத் துவைக்கப் போனாள், அதற்குள் மாலையாகிவிட்டது.

பத்துக்குப் பத்து போட்டேன். அந்த விடைத்தாளைத் திருத்தும்போது மணி இரவு பதினொன்று.